ஏறும் முன்பே இறங்கிவிடுகிறதா விமானம்?

கேள்வி: ஜூன் மாதம் டோக்கியோ ஹனேடாவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போகிறேன். மாலை 5 மணிக்குக் கிளம்பி அதே நாள் காலை 11 மணிக்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கிறது. அச்சுப் பிழையா? தூரம் எவ்வளவு, எத்தனை மணி நேரம் ஆகும்? திரும்பும்போது மட்டும் ஏன் ஒன்றரை மணி நேரம் கூடுதல்?

பதில்: பிழை இல்லை. கிளம்பும் நேரம் டோக்கியோ கடிகாரப்படி, இறங்கும் நேரம் லாஸ் ஏஞ்சல்ஸ் கடிகாரப்படி. ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸ் 16 மணி நேரம் பின்தங்கியிருக்கும். மாலை 5 மணியோடு பயண நேரமான பத்து மணி நேரத்தைக் கூட்டினால், டோக்கியோவில் மறுநாள் விடியற்காலை 3. அதில் 16-ஐக் கழித்தால் முதல் நாள் காலை 11. குளிர்காலத்தில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். அப்போது 17-ஐக் கழிக்க வேண்டும்.

தூரம் சுமார் 8,800 கி.மீ. வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுப் பார்த்தால் இது பிடிபடாது. இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருப்பதால் நேர்கிழக்கே போவதுதான் குறுக்குவழி என்று தோன்றும். அப்படிப் போனால் 9,300 கி.மீ. ஆகிவிடும். ஒரு பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள்: நூல் தானாகவே வடக்கே ஏறி, கிட்டத்தட்ட 48 டிகிரி வரை போய் இறங்கும். அதுதான் உண்மையான குறுக்குவழி. இணையத்தில் கிடைக்கும் தூரமும் பெரும்பாலும் இந்த நூல் கணக்குதான். விமானம் காற்றையும் வானிலையையும் பார்த்து விலகிப் போகும் என்பதால் நிஜத்தில் கொஞ்சம் கூடும்.

அடுத்து அந்த ஒன்றரை மணி நேரம். பூமி சுழல்வதுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது, அதனால் அந்தக் கணக்கு செல்லாது. வட பசிபிக்கின் மேல் சுமார் பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற பலத்த காற்றோட்டம் ஓடுகிறது. விமானம் காற்றுக்குள் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில்தான் போகும். போகும்போது அந்தக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும்; இருக்கைத் திரையில் 1,000-க்கு மேல் காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள். திரும்பும்போது அதே காற்று எதிரே நிற்கும். குளிர்காலத்தில் இந்தக் காற்று இன்னும் பலமாக இருப்பதால் வித்தியாசமும் கூடும்.

டிக்கெட்டில் உள்ள நேரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும், இறங்கிய பின் வாயிலுக்கு வரும் நேரமும் அடங்கும். வேறு ஊர்களுக்குக் கணக்குப் போட, தூரத்தை 900-ஆல் வகுத்து அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். கிழக்கு மேற்குப் பயணமென்றால் காற்றுக்காக முன்னே பின்னே வரும்.

சரி, இனி நீங்கள் கவனிக்க வேண்டியது. லாஸ் ஏஞ்சல்ஸ் ஹோட்டலை, டோக்கியோவில் கிளம்பும் அதே தேதிக்குப் பதிவு செய்யுங்கள். ஆனால் காலை 11 மணிக்கு அறை தயாராக இருக்காது, பெட்டியை மட்டும் வைக்கலாமா என்று கேட்டு வையுங்கள். திரும்பும்போது பிற்பகல் 1 மணிக்கு ஏறினால் டோக்கியோவில் இறங்குவது மறுநாள் மாலை 4.30. அங்கே அறையோ தொடர் விமானமோ எடுப்பதானால் மறுநாள் தேதிக்கு எடுங்கள்.