ஒரே தரவு, எஸ்பிஎஸ்எஸ்-ஸில் ஒரு விடை, ஆர்-இல் வேறு விடை: எதை தீசிஸில் எழுதுவது?

கேள்வி: வேளாண்மையில் பிஎச்டி செய்கிறேன். 3 நெல் ரகம், 4 தழைச்சத்து அளவு, 4 ரெப்ளிகேஷன் (ஒவ்வொன்றையும் 4 முறை திரும்பச் செய்தது), ஆக 48 பாத்திகள். எலி வெட்டியதில் 5 பாத்திகளுக்கு மகசூல் கணக்கு இல்லை. என் கைடு எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் அனோவா (சராசரிகள் உண்மையிலேயே வேறுபடுகின்றனவா என்று பார்க்கும் சோதனை) போட்டால் ரகத்தின் பி மதிப்பு 0.08 (வழக்கமாக 0.05-க்குக் கீழே வந்தால்தான் வேறுபாடு உண்டு என்பார்கள்). நான் ஆர் என்ற இன்னொரு மென்பொருளில் போட்டால் 0.03. யார் கணக்கு தப்பு?

பதில்: இருவர் கணக்கும் சரியாகவே இருக்கலாம். பி மதிப்பைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு முதலில் அனோவா அட்டவணையில் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (ஒவ்வொரு காரணிக்கும் உள்ள தனித்தனி ஒப்பீடுகளின் எண்ணிக்கை) நெடுவரிசையைப் பாருங்கள். ரகத்துக்கு 2, தழைச்சத்துக்கு 3, ரெப்ளிகேஷனுக்கு 3, இன்டராக்‌ஷனுக்கு (தழைச்சத்தின் விளைவு ரகத்துக்கு ரகம் மாறுவதற்கு) 6, எரருக்கு (இவற்றால் விளக்க முடியாத மிச்ச வேறுபாட்டுக்கு) 28 வர வேண்டும். தழைச்சத்துக்கு 1 வந்திருந்தால், 0, 40, 80, 120 என்று நீங்கள் கொடுத்ததை ஆர் வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டு நேர்கோடு பொருத்தியிருக்கிறது. எஸ்பிஎஸ்எஸ்-ஸில் ஃபிக்ஸ்டு ஃபேக்டர் பெட்டியில் போட்டாலே பிரிவாகிவிடும். ஆர்-இல் ஃபேக்டர், அதாவது பிரிவு, என்று நாம்தான் சொல்ல வேண்டும். ரெப்ளிகேஷன் எண்ணுக்கும் அப்படியே. எரருக்கு 33 வந்தால், எலி தின்ற பாத்திகளுக்கு யாரோ 0 என்றோ வேறு எண்ணோ மகசூல் போட்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் ஒத்துப்போனால், அடுத்து இன்டராக்‌ஷன் வரியையும் எரர் வரியையும் ஒப்பிடுங்கள். அவை இரண்டிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு கோப்பிலும் உள்ள தரவு ஒன்றல்ல.

அதுவும் ஒத்து, ரகம், தழைச்சத்து போன்ற வரிகள் மட்டும் மாறினால் காரணம் வர்க்கக் கூடுதலின் (ஒவ்வொரு காரணியாலும் வரும் வேறுபாட்டை அளக்கும் தொகையின்) வகை. ஆர்-இன் வழக்கமான அனோவா டைப் 1: மாடலில் எழுதிய வரிசைப்படி ஒவ்வொன்றாகக் கணக்கிடும். எஸ்பிஎஸ்எஸ் தானாக எடுப்பது டைப் 3: மற்ற எல்லாவற்றுக்கும் சரிக்கட்டிய பிறகு ரகத்துக்கு என்ன மிச்சம் என்று பார்க்கும். 48 பாத்தியும் முழுசாக இருந்திருந்தால் இரண்டும் ஒரே விடைதான். ஆர்-இல் தழைச்சத்தை முன்னும் ரகத்தைப் பின்னும் எழுதிப் பாருங்கள், உங்கள் 0.03 நகரும். (சாஸ் மென்பொருளின் ப்ராக் ஜிஎல்எம் கட்டளை இந்த இரண்டு வகை அட்டவணையையும் கேட்காமலே அச்சிட்டுவிடும். நல்ல பழக்கம்.)

ஆர்-இல் டைப் 3 வேண்டுமானால் ‘கார்’ பேக்கேஜ் இருக்கிறது. ஆனால் மாடல் பொருத்துவதற்கு முன்பே கான்ட்ராஸ்டை (பிரிவுகளை மாடல் எதோடு ஒப்பிடுகிறது என்ற அமைப்பை) ‘சம்’ வகைக்கு, அதாவது மொத்த சராசரியோடு ஒப்பிடும் வகைக்கு, மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் ரக வரியில் வருவது தழைச்சத்தே இடாத பாத்திகளில் ரகங்களுக்குள்ள வேறுபாடு. எந்த எச்சரிக்கையும் வராது. பலர் சறுக்குவது இங்கேதான்.

எதை எழுதுவது? இன்டராக்‌ஷன் தெளிவாக இருந்தால் ரகத்தின் ஒற்றை பி மதிப்புக்குப் பெரிய அர்த்தமில்லை. ஒவ்வொரு தழைச்சத்து அளவிலும் ரகங்களை ஒப்பிடுங்கள். இன்டராக்‌ஷன் இல்லையென்றால் நான் டைப் 2 (எழுதிய வரிசையைப் பார்க்காமல், இன்டராக்‌ஷனை விட்டுவிட்டு மற்ற காரணிகளுக்கு மட்டும் சரிக்கட்டுவது) எடுப்பேன். கைடு டைப் 3 கேட்டால் சண்டை போட வேண்டாம், அதுவும் ஏற்கத்தக்கதே. டைப் 1 மட்டும் இங்கே வேண்டாம்: ரகத்தை முதலில் எழுதியதற்கு வைவாவில் காரணம் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. 0.03 வருகிறது என்பதற்காக வகையைத் தேர்ந்தெடுக்கவும் கூடாது. செய்முறைப் பகுதியில் மென்பொருளின் பதிப்பு எண், வர்க்கக் கூடுதலின் வகை, விடுபட்ட 5 பாத்திகள் எந்தெந்த ரகம், எந்தெந்த அளவு என்பதை எழுதிவிடுங்கள்.