சீமைக் கருவையை வெட்ட இனி நகையை அடகு வைக்காதீர்கள்

கேள்வி: ஏர்வாடிப் பக்கம் கடலோரக் கிராமம் எங்களுடையது. அம்மா வழியில் என் பெயருக்கு வந்த 4 ஏக்கர் பட்டா நிலம் முழுக்கச் சீமைக் கருவை. காடாகக் கிடந்தால் யாராவது உள்ளே வந்துவிடுவார்களோ என்ற பயத்தில் 2020, 2022, 2024 என மூன்று தடவை கொழுந்தனாரின் ஜேசிபியை விட்டு அழித்தோம். 45, 40, 45 மணி நேரம் ஓடியது. மணிக்கு 1,000, 1,100, 1,200 ரூபாய் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் 2 பவுனை அடகுக் கடையில் வைத்தேன். மாதம் ஒன்றரை வட்டி. வருஷத்துக்கு ஒருமுறை வட்டியைக் கட்டி மாற்றி வைக்கிறேன். இப்போது மறுபடி ஆள் உயரம் வந்துவிட்டது. இந்தத் தடவை 50 மணி ஆகும், மணிக்கு 1,300 என்கிறார். கூடவே, பழைய ஹிட்டாச்சி (செயினில் ஓடும் பெரிய மண்தோண்டி வண்டி) வாங்க 18 லட்சம் ஃபைனான்ஸ் எடுக்கிறார். நான் ஜாமீன் போட்டால் இனி நிலத்தை இலவசமாகவே அழித்துத் தருவாராம். அதன்பிறகு மகாகனி வைக்கும் கம்பெனிக்கு நிலத்தைக் கொடுத்துவிடலாம் என்கிறார். 2020-இல் ஒரு விறகு வியாபாரி ஏக்கருக்கு 9,000 கேட்டார். மரத்தை நானே அப்புறப்படுத்திக்கொள்கிறேன் என்று கொழுந்தனார் சொன்னதால் கொடுக்கவில்லை. கணவர் கத்தாரில் இருக்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அம்மா, நகைக்கடன் எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். அதை விளக்கப் போவதில்லை. நீங்கள் எழுதிய எண்களை அடுக்கிப் பார்த்தால் போதும்.

ஜேசிபிக்குக் கொடுத்தது 45,000, 44,000, 54,000. ஆக 1,43,000. ஒன்றரை வட்டி என்றால் வருஷத்துக்கு 18 சதவீதம். முதல் கடனுக்கு 2025 வரை கட்டிய ஐந்து வருஷ வட்டி 40,500. இரண்டாவதற்கு மூன்று வருஷம், சுமார் 23,800. மூன்றாவதற்கு ஒரு வருஷம், 9,700. கூட்டினால் 74,000 ரூபாய் வட்டியாகவே போயிருக்கிறது. அசல் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, 6 பவுனும் இன்னும் கடைக்காரர் பெட்டியில். நிலத்திலோ மறுபடி ஆள் உயரக் கருவை.

உங்களைக் கெடுப்பது கருவை இல்லை. என்ன செய்யப் போகிறோம் என்ற முடிவே இல்லாமல் நாலு ஏக்கரையும் ஒரே மூச்சில் அழிப்பதும், அதற்கு நகையை வைப்பதும், பிறகு வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைப்பதும்தான். நீளமான உங்கள் கடிதத்தில் அழித்த நிலத்தில் என்ன விதைத்தீர்கள் என்று ஒரு வரி இல்லை. இந்த வட்டம் நிற்காமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை.

கருவை ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதும் பணக் கணக்குதான். ஜேசிபியின் முன்வாளியால் மரத்தைத் தள்ளினால் தரைமட்டத்தில் முறியும். மேலே பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் தண்டும் வேரும் சேரும் கழுத்து, மண்ணுக்குள் ஒரு அடி ஆழம் வரை உயிரோடு இருக்கிறது. மொட்டுகள் எல்லாம் அங்கேதான். ஒரு மழை விழுந்ததும் ஒரு தூரிலிருந்து பத்துக் கிளை கிளம்பும். இதற்குப் பின்பக்கக் கையால், பல் வைத்த வாளியைக் கழுத்துக்குக் கீழே ஒன்றரை அடி இறக்கி, தூரோடு நெம்பித் தூக்க வேண்டும். பக்கவேர்த் துண்டுகள் மண்ணில் கிடந்தால் பரவாயில்லை, அவை முளைக்காது. ஒரு கோடை மழை பெய்து மண் இளகியிருக்கும்போது செய்தால் தூர் முழுசாக வரும்; மண் இறுகிக் கிடக்கும்போது செய்தால் பாதியில் முறிந்து உள்ளேயே தங்கும். தூர் தூராக எடுக்கும் இந்த வேலைக்கு நேரம் அதிகம். உங்கள் நிலத்தில் ஏக்கருக்குப் பத்து, பதினோரு மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கிறது. இரண்டே வருஷத்தில் ஆள் உயரம் வந்ததையும் சேர்த்துப் பார்த்தால், முன்வாளியால் தள்ளிக் குவித்ததாகத்தான் தெரிகிறது.

முன்வாளி வேலையில் இன்னொரு நஷ்டமும் உண்டு. மரத்தோடு மேல்மண்ணும் மூன்று நாலு அங்குலம் வழிக்கப்பட்டுக் குவியலுக்குப் போய்விடும். கடலோர மணலில் சத்து இருப்பதே அந்த மேல்மண்ணில்தான். நிலம் தாழ்ந்தால் மழைக்காலத்தில் உப்புத்தண்ணீர் தேங்கும். வழித்த மண்ணை வண்டிக்காரர்கள் இலவசமாக ஏற்றிக்கொள்கிறோம் என்று கேட்டால் விடாதீர்கள். கனிமவளத் துறை அனுமதி இல்லாமல் பட்டா நிலத்து மண் வெளியே போனாலும் வழக்கு வரும், அது உங்கள் பெயரில் வரும்.

தூரை எடுத்தபிறகும் விதை இருக்கிறது. கருவை விதை மண்ணில் பல வருஷம் முளைக்காமல் காத்திருக்கும். முதல் இரண்டு ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு நாற்று சாண் உயரம் வரும்போதே ஆள் விட்டுப் பிடுங்க வேண்டும். அப்போது கையோடு வரும், விட்டால் மறுபடி ஜேசிபிதான். ஆட்டுக்கிடை போட்டால் எரு கிடைக்கும் என்று சொல்வார்கள். கருவைக் காய் தின்ற ஆடு என்றால் எருவோடு விதையும் வந்து இறங்கும். காய் உதிரும் காலத்தில் அழித்த துண்டுக்குள் ஆட்டை விடாதீர்கள்.

இனி கொழுந்தனார் விஷயம். 2020-இல் வியாபாரி கேட்ட விலைக்கு மரத்தைக் கொடுத்திருந்தால் 36,000 வந்திருக்கும். அந்தத் தடவை ஜேசிபிச் செலவே 45,000-தான். அன்று நின்றது வளர்ந்த மரம். நம் மாவட்டத்தில் கரிமூட்டத்துக்கு மரம் மட்டுமில்லை, தூருக்கும் விலை உண்டு. மரத்தையும் எடுத்துக்கொண்டு மணிக்கூலியும் வாங்கியது சரியில்லை. பழையதைக் கிளறச் சொல்லவில்லை, இனி மரம் தனி, கூலி தனி என்று பேசிக்கொள்ளுங்கள்.

ஜாமீன் போடாதீர்கள். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவுப்படி, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. அவர் கட்டவில்லை என்றால் ஃபைனான்ஸ்காரர் நேரே உங்களிடம் வரலாம். 18 லட்சத்துக்கு 14 சதவீத வட்டி, நாலு வருஷம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 49,000. ஹிட்டாச்சிக்கு மணிக்கு 2,000 கூலி கிடைத்தாலும் டீசலே 1,200-ஐ ஒட்டி வரும், ஓட்டுநரும் பேட்டாவும் 200. மிஞ்சுவது 600. தவணைக்கு மட்டும் மாதம் 82 மணி ஓட வேண்டும். பழைய வண்டியில் செயின், ரோலர், வாளிப் பல், ஹைட்ராலிக் ஹோஸ் என்று வரிசையாகச் செலவு வரும். கடற்கரை மணல் செயினையும் ரோலரையும் சீக்கிரம் அரித்துவிடும். அடைமழை மாதங்களில் வேலை படுத்துவிடும், தவணை படுக்காது. அவர் உழைப்பாளியாக இருக்கலாம், எண்ணமும் நல்லதாக இருக்கலாம். அதற்காக 65,000 ரூபாய் வேலையை இலவசமாகச் செய்கிறேன் என்ற பேச்சுக்கு 18 லட்சத்தை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள முடியாது. கணவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று தள்ளிப்போட வேண்டாம். அது கொழுந்தனாரைக் கத்தாருக்குப் போன் போட வைக்கும். முடியாது என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

மகாகனி, செம்மரம், பதினைந்து வருஷத்தில் கோடி என்ற பேச்சுகளைக் கேட்டால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. கன்றுக்கும் பராமரிப்புக்கும் பணம் இன்றே வாங்கிக்கொள்வார்கள். பதினைந்தாம் வருஷம் யார், என்ன விலைக்கு வாங்குவார் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். உப்புத்தண்ணீர் நிலத்தில் மகாகனி நிற்குமா என்பதை ஏஜெண்டிடம் கேட்டு என்ன பயன்? மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் ராமநாதபுரத்தில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையத்துக்குக் கொண்டுபோய், என்ன வரும் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. இந்த வருஷம் நாலு ஏக்கரையும் தொட வேண்டாம். இரண்டு வருஷக் கருவை மணிக்கட்டு கனம்கூட இருக்காது, வியாபாரி திரும்பிப் பார்க்க மாட்டார். இன்னும் மூன்று வருஷம் நின்றால் விலை பேசலாம். ஆக்கிரமிப்பு பயத்துக்கு எல்லையைச் சுற்றி 10 அடி அகலம் மட்டும் தூரோடு எடுங்கள். நாலு ஏக்கர் ஏறக்குறையச் சதுரம் என்றால் சுற்றளவு சுமார் 1,670 அடி. 40 சென்ட்கூட வராது. ஆறு மணி நேரம், 7,800 ரூபாய். வண்டி இறங்கும் முன் சர்வேயரை வைத்து எல்லைக் கற்களைக் காட்டி, பக்கத்தில் குச்சி நட்டுத் துணி கட்டிவிடுங்கள். ஜேசிபி பெயர்த்த கல்லால் வரும் பங்காளிச் சண்டை வேறு வேண்டாம். பனை நிற்கிறது என்றால் தொடக் கூடாது. வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். குடை விரித்த மாதிரி நிற்கும் உடைமரத்தையும் விட்டுவிடுங்கள், அது கருவை இல்லை.

கடனுக்கு வருவோம். வைத்த நகைகளில் கல் பதிக்காத, நீங்கள் அதிகம் போடாத 2 பவுன் எதுவோ அதை முதலில் மீட்டு விற்றுவிடுங்கள். மீட்கத் தேவையான பணத்தை ஒரு வாரத்துக்குக் கணவரிடம் கேளுங்கள். இன்றைய பவுன் விலைக்கு அந்த 2 பவுனிலேயே 1,43,000-மும் அடைந்துவிடும், மீதி 4 பவுன் வீட்டுக்கு வரும். மனசு கஷ்டப்படும், தெரியும். விற்கவே முடியாது என்றால் மூன்றையும் வங்கிக்கு மாற்றுங்கள். 9 சதவீதம் என்று வைத்து மாதம் 5,000 அசலும் வட்டியுமாகக் கட்டினால் ஏறக்குறைய இரண்டு வருஷம் எட்டு மாதத்தில் முடியும். ஆனால் விற்பதுதான் என் முதல் யோசனை. இப்போது வட்டிக்கு மட்டும் மாதம் 2,145 போகிறது. அந்தப் பணத்தையே வங்கியில் ஒரு வருஷத் தொடர் வைப்பாகப் போட்டால் 25,700 சேரும்.

ஒரு ஏக்கரை முறையாக எடுக்க ஆகும் செலவும் அதை ஒட்டித்தான் வருகிறது. ஜேசிபி 15 மணி, 19,500. டிராக்டர் உழவு இரண்டு சால், 3,000. மழைக்குப் பிறகு நாற்று பிடுங்க இரண்டு தடவை மும்மூன்று ஆள், சுமார் 2,400. மொத்தம் 24,900. இத்தனை நாள் வட்டியாகப் போன பணம், ஆண்டுக்கு ஒரு ஏக்கரைத் திருத்தும். அடுத்த கோடையில் ஒரு ஏக்கரை எடுத்து, புரட்டாசியில் ஆராய்ச்சி மையம் சொன்னதை விதையுங்கள். அதில் கருவை தலைகாட்டாமல் ஒரு வருஷம் போனபிறகே அடுத்த ஏக்கர்.

வேலையைக் கொழுந்தனாரே செய்யட்டும், ஆனால் மணிக்கணக்கில் வேண்டாம். தூரோடு எடுக்க ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசுங்கள். வண்டியின் மீட்டரை ஆரம்பத்திலும் முடிவிலும் நீங்களே குறித்துக்கொண்டால் அடுத்த தடவை விலை பேச உதவும். எடுத்த தூர்களை ஓரத்தில் அடுக்கச் சொல்லி எண்ணுங்கள். குழி எத்தனை, தூர் எத்தனை என்று பார்த்தாலே முறிந்து உள்ளே நின்றது தெரிந்துவிடும். பேசிய தொகையில் 4,000 ரூபாயை மட்டும் கையில் வைத்திருந்து, முதல் மழைக்குப் பிறகு தூர் துளிர்க்கவில்லை என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.