டாக்டரிடம் நோயின் பெயரைச் சொல்லாதீர்கள், நடந்ததைச் சொல்லுங்கள்

கேள்வி: நோயைத் தவறாகக் கண்டுபிடிப்பதைக் குறைக்க, நோயாளியும் குடும்பமும் என்ன செய்யலாம்?

நான் டாக்டர் இல்லை. எங்கள் ஊர் குறிஞ்சிப்பாடி பக்கம், என் அம்மாவுக்கு நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

மார்கழியில் அம்மாவுக்குக் காய்ச்சல். மூன்று நாள் மாத்திரை போட்டும் விடவில்லை என்று ஒரு கிளினிக்கில் காட்டினோம், ரத்தம் எடுத்தார்கள், டைபாய்டுக்குப் பார்க்கும் விடால் டெஸ்ட் பாசிட்டிவ், டைபாய்டு என்று ஐந்து நாள் ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்கவே இல்லை. அப்புறம் கடலூரில் இன்னொரு மருத்துவமனை. உள்ளே போனதும் நான் சொன்ன முதல் வார்த்தையே "டைபாய்டு சார்" என்பதுதான், கையில் இருந்த சீட்டிலும் அதுதான் எழுதியிருந்தது, அவர்களும் அதே ஊசியைத் தொடர்ந்தார்கள். அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் புதுச்சேரி ஜிப்மருக்குக் கொண்டுபோனோம்.

அங்கே ஒரு பெண் டாக்டர் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, "முதல் நாள்லேருந்து சொல்லுங்கம்மா, என்ன வேலைக்குப் போவீங்க?" என்று கேட்டார். மாட்டுக்குப் புல் அறுக்க முந்திரித் தோப்புக்குப் போவேன் என்றார் அம்மா. உடனே திரையை இழுத்துவிட்டு உடம்பு முழுக்கப் பார்த்தார். இடுப்பில், பாவாடை நாடா கட்டும் இடத்தில், சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்பாக ஒரு பொருக்கு. நாடா உரசிய புண் என்று நினைத்து அம்மா எங்களிடம்கூடச் சொல்லவில்லை. அது ஸ்க்ரப் டைபஸ், பேப்பரில் உண்ணிக் காய்ச்சல் என்று போடுவார்களே, அது. புல், புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி கடித்து வருவது, கடித்த இடத்தில்தான் அந்தப் பொருக்கு. டாக்ஸிசைக்ளின் கொடுத்தார்கள், இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. முன்பு போட்ட செஃப்ட்ரியாக்சோன் ஊசி இந்தக் கிருமியிடம் வேலையே செய்யாது. விடாலும் பழைய தொற்றுக்கோ வேறு காய்ச்சலுக்கோகூட பாசிட்டிவ் காட்டலாம், டைபாய்டு சந்தேகம் என்றால் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே ரத்தத்தைக் கல்ச்சருக்கு, அதாவது அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு, அனுப்புவதுதான் நல்லது.

அதனால் சொல்கிறேன், இரண்டாவது டாக்டரிடம் போகும்போது முதல் டாக்டர் வைத்த பெயரோடு ஆரம்பிக்காதீர்கள். எந்தத் தேதியில் காய்ச்சல் தொடங்கியது, எவ்வளவு இருந்தது, என்ன மருந்து எத்தனை நாள், காடு கழனி எங்கே போனார், இதைச் சொல்லுங்கள், ரிப்போர்ட்டை அப்புறம் கொடுங்கள். "வேற என்னவா இருக்கலாம் டாக்டர்? எத்தனை நாள்ல குறையணும்? குறையலைன்னா எப்ப வரணும்?" என்று கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. 2015இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் வெளியிட்ட அறிக்கை, நோயைச் சரியாக, உரிய நேரத்தில் கண்டுபிடிக்காததை மட்டுமல்ல, கண்டுபிடித்ததை நோயாளிக்குச் சொல்லாமல் விடுவதையும் பிழை என்றே சொல்கிறது. எங்களுக்கு டைபாய்டு என்று சொன்னார்களே தவிர, ஏன் அப்படி நினைக்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நம் பக்கம் மழை முடிந்த மாதங்களில் காய்ச்சல் நாலைந்து நாளைத் தாண்டினால் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே எல்லாம் வீட்டிலேயே ஒருமுறை பாருங்கள். அந்தப் பொருக்கு வலிக்காது, எல்லோருக்கும் வரவும் வராது, அதனால் கண்ணில் படாவிட்டாலும் புல் அறுக்கப் போனதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.