தொடை வழியாகக் 'காயில்' (coil) வைத்து ரத்தக்குழாயை அடைப்பது சின்ன விஷயம்தானே?

இதயக் குறைபாடுள்ள மகனுக்குக் கூடுதலாக வளர்ந்த ரத்தக்குழாய்களைத் தொடை வழியாக அடைக்கப் போகிறார்கள், நெஞ்சைத் திறக்கவில்லையே, சின்ன விஷயம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாகத் தேதி குறித்தாகிவிட்டது, உங்களுக்குத் தூக்கம் வரவில்லை.

நெஞ்சைத் திறப்பதைவிடச் சின்னதுதான். ஆனால் 'ஒரு ஊசி குத்துவது மாதிரிதான்' என்று எங்களிடம் சொன்னவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

என் மகளுக்கு இதயத்தின் ஒரு கீழறைதான் உருப்படியாக இருக்கிறது. உடம்பின் மேல்பாதியிலிருந்து திரும்பும் ரத்தத்தை நேராக நுரையீரலுக்குத் திருப்பும் கிளென் அறுவை சிகிச்சை முடிந்து, கீழ்பாதி ரத்தத்தையும் அப்படித் திருப்பும் அடுத்த அறுவை சிகிச்சையான ஃபான்டனுக்கு முன்பு, ரத்தக்குழாய் வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார்கள். மகாதமனியின் கிளைகளிலிருந்து நுரையீரலுக்கு நூல் நூலாகக் குழாய்கள். ஆக்சிஜன் போதாத உடம்பு தானாகப் போட்டுக்கொள்ளும் வழியாம். சுத்தமான ரத்தமே திரும்ப நுரையீரலுக்குப் போவதால் இதயத்துக்கு வீண் சுமை. 4 குழாய்களில் 'காயில்' வைத்தார்கள். மெல்லிய உலோகச் சுருள், அதில் இழைகள். அந்த இழைகளில் ரத்தம் உறைந்து குழாய் அடைபடும்.

வெளியே வந்தபோது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 84 சதவீதத்திலிருந்து 81 ஆகியிருந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. இந்த வகைக் குழாயை அடைத்தால் கொஞ்சம் இறங்கலாம் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். அப்புறம் 6 மணி நேரம் காலை மடக்கக் கூடாது. மயக்கம் தெளிந்து வீறிட்டு அழும் 4 வயதுக் குழந்தையின் முழங்காலை என் கணவர் அழுத்திப் பிடித்திருந்தார். பாதத்தில் நாடி கிடைத்த இடத்தில் செவிலியர் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டு, அடிக்கடி வந்து அதையே தொட்டுப் பார்த்தார். அந்தக் குறி அழிய 3 நாள் ஆனது.

நான் மருத்துவர் இல்லை, பயமுறுத்தவும் எழுதவில்லை. ஒன்று மட்டும் கேட்டுவிடுங்கள்: நுரையீரலின் ஏதாவது ஒரு பகுதிக்கு அந்தக் குழாய் மட்டும்தான் ரத்தம் கொடுக்கிறதா? அப்படியானால் அடைக்க மாட்டார்கள். அவர்களே பார்த்திருப்பார்கள், இருந்தாலும் கேளுங்கள். பிறகு புதுக் குழாய்கள் வளரவும் கூடும், எங்களுக்கு வளர்ந்தது.

இன்னொன்று. கர்ப்பத்தில் நான் என்ன சாப்பிட்டேன், என் வீட்டில் யாருக்கு இதய நோய் என்று உறவினர்கள் இன்றும் கேட்கிறார்கள். என் கணவரிடம் ஒருவர்கூடக் கேட்டதில்லை. உங்களையும் கேட்பார்கள். பதில் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள்.