தம்பியின் தவணைக்காக 3-வது வாரமே பெட்டி தூக்கலாமா?

கேள்வி: அடுத்த மாதம் லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியான அறுவை) மூலம் என் இடது சிறுநீரகத்தைக் கட்டியோடு எடுக்கப்போகிறார்கள். ஆஸ்பத்திரி பில் இன்சூரன்ஸில் போய்விடும். எனக்குக் கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. 2 வாரம் முழுச் சம்பளம், பிறகு பாதிதான். தம்பியின் கடைக் கடனுக்கு நான்தான் தவணை கட்டுகிறேன், ஜாமீனும் நானே. அது தவறாமலிருக்க பர்சனல் லோன் எடுத்து, 3-வது வாரமே வேலைக்குப் போக நினைக்கிறேன். ஒரு தீவிர நோய் பாலிசியும் போடச் சொல்கிறார்கள். சரியா?

பதில்: வேண்டாம். லோனும் வேண்டாம், 3-வது வாரமும் வேண்டாம்.

உங்கள் மாதச் சம்பளத்தை 100 என்று வைப்போம். நீங்கள் தனியாக எழுதி அனுப்பிய கணக்குப்படி மாதம் வீட்டுச் செலவு 55, வீட்டுக் கடன் 20, தம்பியின் தவணை 20. சேமிப்பு 60. பளு தூக்கும் வேலைக்கு 8 வாரம் ஓய்வு என்று திட்டமிடுங்கள். அந்த 8 வாரத்தில் வரவு சுமார் 125. உங்கள் வீட்டுக்கு மட்டும் 150, பரிசோதனை, போக்குவரத்து, துணைக்கு ஆள் என்று இன்னொரு 15. பற்றாக்குறை 40, சேமிப்பே தாங்கும். தம்பியின் 40-ஐச் சேர்த்தால் 80, அதாவது 20 கடன். உங்கள் லோனுக்குக் காரணம் ஆபரேஷன் இல்லை, அந்தத் தவணைதான்.

லேப்ராஸ்கோப்பியாகத் தொடங்கியது, ரத்தக்கசிவாலோ ஒட்டுத்திசுக்களாலோ (உள்ளுறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் தழும்புத் திசு) பாதியில் திறந்த அறுவையாக மாறுவதும் உண்டு. அப்போது 12 வாரம் ஆகலாம். கூடுதல் மாதத்துக்கு இன்னொரு 25 தேவை. சேமிப்பில் மிச்சமிருக்கும் 20 அதற்குத்தான், 5 மட்டும் குறையும். முறை மாறினால் பில்லை முழுதாக ஏற்பார்களா என்று இன்சூரன்ஸில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சீக்கிரம் வேலைக்குப் போனால் என்ன ஆகும்? மேல்தோல் 2 வாரத்தில் ஒட்டிவிடும். உள்ளே தசையும் அதன் உறையும் பலம் பெற 6 வாரமாவது வேண்டும். அதுவரை 4, 5 கிலோவே உச்ச வரம்பு. 5 லிட்டர் தண்ணீர் கேனே அதைத் தாண்டிவிடும், உங்கள் பெட்டிகள் எம்மாத்திரம்! தையல் போட்ட இடத்தில் குடலிறக்கம் வந்தால் இன்னோர் ஆபரேஷன், இன்னொரு பாதிச் சம்பளக் காலம். வலியோடு வேலை பார்ப்பவர் கை தானாக ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் பக்கம் போகும். ஒற்றைச் சிறுநீரகத்துக்கு அவை ஆபத்து. எந்த வலி மாத்திரை, எத்தனை நாள் என்பதை டிஸ்சார்ஜ் அன்றே எழுதி வாங்குங்கள். படுத்தே இருக்கவும் கூடாது. காலில் ரத்தம் உறையாமலிருக்க முதல் நாளிலிருந்தே மெல்ல நடக்கச் சொல்வார்கள்.

பாலிசி விஷயத்தில் கொஞ்சம் பொறுமை இழக்கிறேன். கட்டி இருப்பது தெரிந்தபின் அதைச் சொல்லியே ஆகவேண்டும். சொன்னால் இதற்குக் கவரேஜ் கிடைக்காது. மறைத்தால் கிளெய்ம் நிராகரிக்கப்படும். இப்போது அந்தப் பிரீமியம் வீண். அதற்குப் பதில் மாதம் 3 தனியாக ஒதுக்குங்கள். கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), சிறுநீரில் புரதம், ரத்த அழுத்தம், கட்டிக்கான தொடர் ஸ்கேன் எல்லாம் வருடக்கணக்கில் இருக்கும்.

ஜாமீன் நீங்கள் என்பதால் தவணை சும்மா தவறினால் உங்கள் பெயரும் கெடும். ஆகவே இந்த வாரமே தம்பியோடு வங்கிக்குப் போய், 3 மாதத் தவணையைத் தள்ளிவைக்க மனுக் கொடுங்கள். ஆபரேஷன் தேதியுள்ள மருத்துவமனைக் கடிதத்தை இணையுங்கள். வங்கி மறுத்தால் கடைச் சரக்கை விற்று அவர் கட்டட்டும். அவரிடம் இதை நீங்களே சொல்லுங்கள், அட்மிஷனுக்கு முன்பாக.