அரசு வரைபடத்தில் எல்லைக் கோடு என் வீட்டுப் பக்கம் வருகிறது. சுவரை இடிக்க வேண்டுமா?

கேள்வி: என் அப்பா 2009-ல் பத்து சென்ட் மனையைக் கிரயம் வாங்கி வீடு கட்டினார். அடுத்த வருடமே காம்பவுண்டு சுவரும் எழுப்பிவிட்டார். அப்பா இப்போது இல்லை. பக்கத்து மனையைப் புதிதாக வாங்கியவர், சாட்டிலைட் படத்தின் மேல் சர்வே எல்லைகளைக் காட்டும் அரசு வெப்சைட்டைப் போனில் திறந்து, "கோடு உங்கள் சுவருக்கு நாலடி உள்ளே ஓடுகிறது, கவர்மென்ட்டே சொல்லுது, சுவரை எடுங்க" என்கிறார். ஆன்லைனில் அப்பா பெயரில் உள்ள பட்டாவைப் பார்த்தால் பரப்பு 0-03.64 என்றிருக்கிறது. அது ஒன்பது சென்ட்தான் என்கிறார்கள். அவர் சொல்வது சரிதானா?

பதில்: முதலில், சுவரைத் தொடாதீர்கள். அவரையும் தொட விடாதீர்கள். போனில் தெரியும் ஒரு கோட்டை வைத்து யாரும் யார் சுவரையும் இடிக்க முடியாது.

அந்தக் கோடு எப்படி வந்தது என்று பாருங்கள். ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் தனித்தனியாகப் புலப்படம் உண்டு. அதை எஃப்எம்பி என்பார்கள். சர்வேயர் நிலத்தில் கற்களுக்கு இடையே அளந்து, வளைவுகளுக்கு ஆஃப்செட், அதாவது நேர்கோட்டிலிருந்து குறுக்களவு, எடுத்து வரைந்தது அது. அந்தத் தனித்தனிப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒன்றோடொன்று ஒட்டி, சாட்டிலைட் படத்தின் மேல் விரித்திருக்கிறார்கள். ஒட்டும்போது ஓரிடத்தில் சற்றே நகர்ந்தாலும் அந்தப் பகுதி முழுக்க நகரும். போதாக்குறைக்கு, போனில் "நீங்கள் இங்கே" என்று காட்டும் புள்ளி திறந்த வெளியிலேயே ஏறக்குறைய ஐந்து மீட்டர் தள்ளி இருக்கலாம். உங்கள் தகராறு நாலடி, அதாவது 1.2 மீட்டர். இந்தத் துல்லியத்தை வைத்து அந்தத் தகராறைத் தீர்க்க முடியாது.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். அதே திரையில் உங்கள் வரிசையில் உள்ள மற்ற வீடுகளையும் எதிரே உள்ள ரோட்டின் ஓரத்தையும் பாருங்கள். எல்லாக் கோடுகளும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே அளவு விலகியிருந்தால், படமே நகர்ந்திருக்கிறது. உங்கள் மனையில் மட்டும் விலகியிருந்தால் யோசிக்க வேண்டியதுதான். எப்படியிருந்தாலும் தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பக்கத்துக்காரருக்கே அதைக் காட்டினால் பாதிச் சூடு இறங்கிவிடும் என்பது என் அனுபவம்.

அதற்காக இந்தத் தளங்கள் வீண் என்று சொல்லவில்லை. சர்வே நம்பர், உட்பிரிவு நம்பரைக் கண்டுபிடிக்க அந்த வரைபடம் நல்ல வழி. அந்த நம்பரை வைத்துக்கொண்டு அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் பட்டா, அ-பதிவேடு (ஒவ்வொரு சர்வே நம்பரின் பரப்பும் உரிமையாளர் பெயரும் உள்ள கிராமப் பதிவேடு), புலப்படம் மூன்றையும் இறக்குங்கள். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் உங்கள் மனைக்கும் அவர் மனைக்கும் வில்லங்கம் பாருங்கள். பார்வையிடக் கட்டணம் இல்லை. புலப்படத்தில் கோடுகளின் மேல் எழுதியிருக்கும் மீட்டர் அளவுகள்தான் உங்களுக்கு வேண்டியவை.

இனி பட்டாவுக்கு வருவோம். எனக்கு அந்த வரைபடத்தை விட இதுதான் கவலையாக இருக்கிறது. 0-03.64 என்றால் ஹெக்டேர் பூஜ்யம், ஏர் 3.64. ஒரு ஏர் 100 சதுர மீட்டர், ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர். ஆக உங்களுக்குச் சொன்ன ஒன்பது சென்ட் கணக்கு சரிதான். பத்து சென்ட்டானால் 0-04.05 என்று இருந்திருக்க வேண்டும். ஒரு சென்ட் எங்கே போனது? அக்கம்பக்கத்து உட்பிரிவுகளின் பரப்பை அ-பதிவேட்டில் எடுத்து, அவரவர் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். பக்கத்து மனையின் பட்டா அவர் பத்திரத்தைவிட ஒரு சென்ட் கூடுதலாகக் காட்டினால் உட்பிரிவு செய்தபோதே தவறு நடந்திருக்கலாம். யாருக்கும் கூடவில்லை என்றால் பாதைக்கு விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யுடிஆர் திட்டத்தின் சமயத்தில் விழுந்த பிழைகளும் இன்னும் நிறையத் தொடர்கின்றன. விற்றவரே பத்து என்று எழுதி ஒன்பதைக் கொடுத்திருக்கவும் கூடும். அதையும் மனதில் வையுங்கள்.

அப்பாவின் பத்திரத்தை எடுத்து சொத்து விவரத்தைப் படியுங்கள். செக்குபந்தியில், அதாவது எல்லை விவரத்தில், நான்கு எல்லைகளும் தெளிவாக இருந்து, பரப்பு மட்டும் முரண்பட்டால், பொதுவாக எல்லைகளைத்தான் கோர்ட் பிடித்துக்கொள்ளும். அடிக்கணக்கில் நீள அகலம் எழுதியிருந்தால் இன்னும் நல்லது.

பட்டா உரிமைப் பத்திரம் அல்ல. வருவாய்ப் பதிவேட்டில் பெயர் ஏறுவது உரிமையைத் தராது, பறிக்கவும் செய்யாது என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் சவர்ணி வழக்கிலும் 2021-ல் ஜிதேந்திர சிங் வழக்கிலும் சொல்லியிருக்கிறது. பட்டாவில் பிழை இருந்தால் 1983-ம் ஆண்டு பட்டா பாஸ்புத்தகச் சட்டப்படி தாசில்தாரிடம் மனுக் கொடுக்கலாம். அப்புறம் ஆர்டிஓவிடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மேல்முறையீடு, டிஆர்ஓவிடம் (மாவட்ட வருவாய் அலுவலர்) சீராய்வு. நிலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி வந்துவிட்டால் மட்டும் சிவில் கோர்ட்தான் இடம்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். வாரிசுச் சான்று வாங்கி, பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றுங்கள். மனு எதுவானாலும் பட்டாதாரராக நின்று கேட்பது எளிது. பிறகு எல்லையை அளந்து அத்துக் காட்டும்படி எஃப்-லைன் மனுப் போடுங்கள். சர்வேயர் வரும் நாளில் பக்கத்துக்காரருக்கும் முறையாக நோட்டீஸ் போயிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். அவர் இல்லாமல் அளந்தால் மறுநாளே "எனக்குத் தெரியாது" என்பார். எந்தக் கல்லிலிருந்து அளவு எடுக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். பழைய கல் காணாமல் போய் வேலி மூலையிலிருந்து தொடங்கினால், அதை அப்போதே எழுத்தில் ஆட்சேபியுங்கள்.

இதற்கிடையே அவர் வழக்குப் போட்டு உங்களைக் கேட்காமலே இடைக்காலத் தடை வாங்கிவிடக் கூடாது என்றால், சிவில் நடைமுறைச் சட்டம் 148-ஏ பிரிவில் ஒரு கேவியட், அதாவது உங்களைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்ற முன்மனு, போட்டு வையுங்கள். அது 90 நாள் நிற்கும். இடிக்க வந்தால் போலீஸில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். "சிவில் மேட்டர்" என்று அனுப்பப் பார்ப்பார்கள். ஆனாலும் ரசீது பின்னால் உதவும். வழக்கு என்று வந்தால் வெறும் தடை கேட்டுப் போகாதீர்கள். உங்கள் உரிமையையே அவர் மறுப்பதால் விளம்புகைப் பரிகாரமும், அதாவது இடம் உங்களுடையது என்று கோர்ட் அறிவிக்கும்படியும், சேர்த்துக் கேட்க வேண்டும். 2008-ல் அனாதுலா சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். கூடவே சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 26 விதி 9-ன்படி, கோர்ட் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையரை சர்வேயரோடு அனுப்பி அளக்கக் கேளுங்கள். ஸ்கிரீன்ஷாட்டைச் சாட்சியமாக்க புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ம் பிரிவுச் சான்று வேண்டும். சான்றிட்ட நகல்களையே வாங்கிவிடுவது மேல்.

சுவர் 12 வருடத்துக்கு மேல் நிற்பதால் எதிரிடை அனுபவம் (நீண்ட காலம் பிடித்து வைத்திருந்ததாலேயே உரிமை கேட்பது) பேசலாமே என்று யாராவது சொல்வார்கள். பேசலாம், ஆனால் முதல் வாதமாக அல்ல. "இடம் உன்னுடையதுதான், ஆனால் நான் பிடித்து வைத்திருந்தேன்" என்று ஒப்புக்கொள்வது அது. பத்திரமும் செக்குபந்தியும் கையில் இருக்கும்போது அங்கே போக வேண்டியதில்லை.