நாகப்பட்டினம் கோட்டை வாசல் ஸ்காட்லாந்து மலையில் நிற்கிறதா?

கேள்வி: இன்வர்னெஸில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறோம். அங்கே ஒரு மலை உச்சியில் எங்கள் நாகப்பட்டினத்துக் கோட்டை வாசல் இருக்கிறது என்கிறாள். உண்மையா? அறுபதைத் தாண்டிய நாங்கள் ஏறிப் பார்க்க முடியுமா?

பதில்: இருப்பது வாசலின் உருவம்தான், நாகையிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோனது அல்ல. ஆல்னஸ் ஊருக்கு மேலே, 453 மீட்டர் உயர ஃபைரிஷ் மலையில், 1782-இல் சர் ஹெக்டர் மன்றோ எழுப்பிய நினைவுச்சின்னம் அது. நடுவே வளைவுகள், இருபுறமும் தனித்தனித் தூண்கள், கூரை கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க நாகையில் டச்சுக் கோட்டை இன்று இல்லை.

சென்னையில் குதிரைமேல் சிலையாக இருக்கும் தாமஸ் மன்றோ வேறு. ஹெக்டர் 1726-இல் பிறந்தவர், அந்த வட்டாரத்து நோவார் பண்ணையின் நிலக்கிழார். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் தளபதியாக 1764-இல் பீகாரின் பக்சார் போரில் வென்றவர். அதற்குச் சற்று முன்பு, கலகம் செய்த சிப்பாய்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுடச் சொன்னவரும் இவரே. 1778-இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து புதுச்சேரியைப் பிடித்தார்.

ஆனால் 1780 செப்டம்பர் 10-ஐ அந்தக் கற்கள் சொல்லாது. பொள்ளிலூரில் இன்னொரு கம்பெனித் தளபதியான பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் அழித்துக்கொண்டிருந்தபோது, மன்றோ சில மைல் தள்ளிக் காஞ்சிபுரத்தில் இருந்தார். உதவிக்குப் போய்ச் சேரவில்லை. கனரகப் பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். அதற்கு அடுத்த ஆண்டு, 1781 நவம்பரில், டச்சுக்காரர்களிடமிருந்து நாகையைப் பிடித்தார். மலையேறி நிற்பது இந்த வெற்றி மட்டும்தான். பொள்ளிலூரையும் மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் அந்தச் சின்னம் புரியும் என்பது என் உறுதியான கருத்து.

அங்கே உள்ளவர்கள் இன்னொரு கதை சொல்வார்கள்: வேலையில்லாத ஏழைகளுக்குக் கூலி கொடுக்கவே மன்றோ இதைக் கட்டினாராம், வேலை நீளட்டும் என்று கற்களை இரவில் கீழே உருட்டிவிடவும் செய்தாராம். கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே 1792-ஐயும் மகளிடம் சொல்லுங்கள். அவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த ஆட்டுப் பண்ணைக்காரர்களால் சிறு குடியானவர்களின் மாடுகளுக்கு மேய்ச்சல் போயிற்று. மக்கள் திரண்டு ஆட்டுமந்தைகளை அந்த வட்டாரத்தை விட்டே ஓட்டக் கிளம்பினார்கள். அடக்க வந்தது 42-ஆம் ஹைலாண்டர் படை. அப்போது அதன் கர்னல் பதவியில் இருந்தவரும் மன்றோதான். கூலி கொடுத்த வள்ளல் என்று மட்டும் அவரை எழுதிவிட்டுப் போவது அந்தக் குடியானவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

இனி ஏற்றம். முழங்கால் வலி இல்லாதவர்களுக்கு முடியும். இன்வர்னெஸிலிருந்து காரில் ஏ-9 சாலையில் வடக்கே போய், எவன்டனைத் தாண்டி, போத் சாலைக்குத் திரும்பினால் கார் நிறுத்துமிடம் வரும். அங்கிருந்து காட்டுக்குள் தெளிவான பாதை. தொடக்கத்தில்தான் செங்குத்து; பிறகு மரங்கள் விலகிப் புதர்வெளி வரும். நிதானமாக ஏறி இறங்க மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மேலே காற்று பலமாக அடிக்கும், கோடையிலும் குளிர்ச்சட்டை வேண்டும். செருப்பு உதவாது, பிடிப்புள்ள காலணி அவசியம். மேகம் மூடிய நாளில் போகாதீர்கள், குரோமார்ட்டி கடற்கழி தெரியாது.

ஏற முடியாதவர் வருந்த வேண்டாம். தெளிந்த நாளில் ஆல்னஸிலிருந்து நிமிர்ந்து பார்த்தாலே வளைவுகள் தெரியும். இன்வர்னெஸிலிருந்து ஆல்னஸுக்கு ரயிலும் உண்டு.